வெங்கடபதி விடாத பிரேம்கள்

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு மாடியில் வெங்கடபதியின் கடை இருக்கிறது. பழைய கல்யாணக் கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவார். கடைப் பலகையில் ‘ஒரு பிரேமும் தவறாது’ என்று எழுதியிருக்கும். ஒரு நொடி வீடியோவில் இருபத்தைந்து படங்கள் ஓடுகின்றன; அதில் ஒரு படம்தான் பிரேம். பதினோரு ஆண்டுகளில் ஒரு புகார்கூட வந்ததில்லை.

அதற்கு முன்பு அவர் மில்லில் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். அவசரமாகக் கட்டிய காயில் சீக்கிரம் கருகும் என்று அங்கே கற்றதை வீடியோவுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஓடுகிற கேசட்டின் படத்தைச் சுருக்கிக் கணினியில் சேர்க்க இரண்டு வழிகள். சிப் வைத்த சிறு பெட்டி ஒன்று கேசட்டின் வேகத்துக்கே சுருக்கிவிடும். படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும். கணினியிலுள்ள சாப்ட்வேர் யோசித்து யோசித்துச் சுருக்கும். படம் தெளிவாக வரும். வெங்கடபதி சாப்ட்வேர் கட்சி. அதிலும் ‘மிக மெதுவாக’ என்ற அமைப்பைத்தான் வைப்பார்.

கீழே செல்போன் கடை வைத்திருக்கும் ரைஹான் அவரைச் சீண்டாத நாளில்லை.

“அண்ணா, எங்கிட்ட சிப் பொட்டி சும்மாதான் கெடக்குது. எடுத்துக்கிறீங்களா?”

“அதுல மாப்பிள்ளை மூஞ்சி தாயக்கட்டமாட்ட இருக்கும். நமக்கு ஆகாது போ.”

போன ஆவணியில் கீதா என்பவர் ஒரு கேசட்டோடு வந்தார். அவருடைய தம்பி மோகன்குமாரின் கல்யாணக் கேசட். அதில் இணைச்சீர்க்காரி கீதாதான். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கே உரிய இடம் அது. ஆனால் தாலி கட்டும்போது அக்கா கோபித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள் என்று மோகன்குமார் இருபத்தைந்து வருடமாகச் சொல்கிறார். பேச்சுவார்த்தை இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை மோகன்குமாரின் மகளுக்குக் கல்யாணம்.

“நான் நின்னேனுங்கண்ணா. கேசட்டுல இருக்கும். அதைக் காட்டிப்போட்டுத்தான் மண்டபத்துக்குள்ள கால் வெப்பேன்.”

“ஒரு பிரேம் தவறாதுங்க அம்மணி.”

முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் கண்ணாடிபோல் இருந்தது. கெட்டிமேளத்துக்குச் சற்று முன் கீதா மேடையிலிருந்து இறங்கினார். உடனே படம் அப்படியே நின்றது. மறுபடி அசைந்தபோது தாலி ஏறியிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“நடுவுல எங்கீங்க?” என்றார் கீதா.

நடுவில் அரிசி பறந்தது, பூ பறந்தது, கூட்டம் முண்டியது. அசைவு கூடக்கூட சாப்ட்வேர் இன்னும் ஆழமாக யோசித்தது. கேசட் அதற்காகக் காத்திருக்காமல் ஓடியது; அதற்குள் ஓடிப்போன படங்கள் எல்லாம் விட்டுப்போயின.

வெங்கடபதிக்குப் புரிந்தது. இந்தக் கோப்பைக் கொடுத்தால் கீதா ஓடிப்போனவர் என்றே ஆகிவிடும். அவர் கீழே இறங்கினார். “தம்பி, அந்தப் பொட்டி...” என்றார். ரைஹான் சிரித்தார். பெட்டியையும் கொடுத்தார்.

சிப் எதையும் யோசிக்கவில்லை, வந்ததையெல்லாம் சேர்த்தது. கீதா மேடையிலிருந்து இறங்கினார். யாரோ மறந்து கீழே வைத்திருந்த அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார். தாலி ஏறும்போது தம்பிக்குப் பக்கத்தில் நின்றார்.

“மூஞ்சி கட்டம் கட்டமா இருக்குதுங்க” என்றார் வெங்கடபதி, தலையைக் குனிந்துகொண்டு.

“இருந்துட்டுப் போவுது. இதுல நான் கட்டியிருக்கற அந்த மாம்பழக் கலர் சேலை இன்னும் என்ற பீரோவுலதான் இருக்குது. அதையே கட்டீட்டுப் போறேன்.”

அவர் போனதும் வெங்கடபதி பலகையைக் கழற்றினார். பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார்.

“நான் ஏத்திக் குடுத்ததுல நடுவுல நடுவுல விட்டிருக்குமுங்க. கேசட்டைக் கொண்டாங்க, மறுபடி ஏத்தித் தாரேன்.”

மதுக்கரையிலிருந்து பேசிய நஞ்சுண்டன் கோபித்தே விட்டார். “ஏனுங்க, உங்க வேலையில குத்தமா? அருமையா இருக்குதுங்க!”

“முழுசாப் பாத்தீங்களா?”

“இன்னும் பாக்கலீங்க.”

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.