பன்னிரண்டு பேரும் சொல்லாமல் விட்டது

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கல்லூரியில் ஹேமாவதியைப் போலப் பயப்படுகிறவள் கிடையாது. பஸ் வருமா என்று ஒரு பயம், ஏறிய பிறகு அசைன்மென்ட் தாளை வீட்டில் மறந்துவிட்டோமா என்று இன்னொரு பயம். அவளைத்தான் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்குத் தலைவியாக்கினோம். மற்ற மூவருக்கும் சேர்த்து அவளே உழைத்துவிடுவாள் என்கிற நல்லெண்ணம்தான், வேறென்ன!

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு ஆப். அவள் வீட்டுத் தொழிலே மீன்பிடிப்புதான். ஊரில் பன்னிரண்டு பேரைக் கேட்டுப் பதினேழு தேவைகளை எழுதிவந்தாள். "எல்லாத்தையும் செய்ய முடியாது, முக்கியமான நாலை வரிசைப்படுத்துங்க" என்றார் வழிகாட்டியான விக்டோரியா மேடம். மீன் எங்கே அதிகம் என்று காட்டும் வரைபடம் முதலிடம் பிடித்தது. மூன்று வாரம் உயிரைக் கொடுத்து அதைச் செய்தவன் நான்.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் ஹேமா போனில் அழுதாள். ஆப்பை அவள் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். "இன்னிக்கு அந்த எடம் அரசப்பன் ஊட்டுப் பாடு. இது எல்லாரையும் அங்க போவச் சொல்லுதே, இன்னாம்மா இது?" என்றாராம்.

பாடு என்றால் முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். மீறினால் பெரிய சண்டையாகிவிடும்.

"வரைபடத்த எடுத்துடலாம்டா. பாடுதான் மொதல்ல வரணும்."

"அது ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு, அதயும் எடுத்துட்டு நாளைக்கு இன்னாத்தக் காட்டுறது?" என்று கத்தினேன். "பெயிலானா சிப்காட்ல உனக்குச் சொல்லி வெச்ச வேலயும் போச்சு."

"தெரியும். பயமாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர்ல அடிச்சிக்குவாங்கடா."

மறுநாள் அவள் மேடத்திடம் புதுப் பட்டியலை நீட்டினாள். முதல் வரி பாடு. வரைபடம் கடைசியில், 'இப்போது வேண்டாம்' என்று. மேடம் பேட்டித் தாள்களைப் புரட்டினார்.

"பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூட இதக் கேக்கலியே?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு அவங்க சொல்லல, மேடம். எனக்கே தெரியுமேன்னு நானும் எழுதல."

"காட்ட ஒண்ணுமே இல்லாம வந்திருக்கீங்க. இது யார் முடிவு?"

நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம்.

"என் முடிவு, மேடம்."

எங்கள் மூவருக்கும் தேறும் அளவுக்கு ஏதோ மார்க் விழுந்தது. அவள் பெயருக்கு எதிரே மட்டும் 'நிறுத்திவைப்பு' என்று எழுதி, பத்து நாள் அவகாசம் தந்தார்.

வெளியே வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். "பாடு ஊட்டுக்கு ஊடு எப்படி மாறும், சொல்லு, எழுதிக்கிறேன்" என்றேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.