மேட்டு வீட்டுத் தண்ணி

வாசலில் பதித்திருந்த சிமெண்டுப் பலகையை நேற்றுக் காலையில் கொத்தனார் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார். உள்ளேயிருந்து குப்பென்று ஒரு வாடை வந்தது. துருவும் பாசியும் பல வருஷத்து ஈரமும் சேர்ந்த வாடை. மற்றவர்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றியிருக்கும். எனக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கத் தோன்றியது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திரிகிறவளுக்கு வருகிற ஆசையா இது?

கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, வாசல்லயே கக்கூஸ் தொட்டி கட்டி வச்சிருக்கீக?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “கக்கூஸா? இந்தக் குழியில எறங்கிப் பிடிச்ச தண்ணியக் குடிச்சுத்தான்யா எம்மகன் வளந்தான்” என்றேன். வளர்ந்த மகன் பக்கத்தில்தான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாங்கியிருக்கிற காரை நிறுத்தத்தான் இந்தக் குழியை மூடுகிறார்கள். “அம்மா, ஆரம்பிச்சுராதீங்க” என்றான். நான் ஆரம்பித்துவிட்டேன். அவன் கேட்கப்போவதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

நான் பரளச்சிப் பக்கத்துக்காரி. மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிற காடு. ஊருணியில் குடம் முங்குகிற அளவுக்குத் தண்ணி கிடந்தால் எங்களுக்கு அது நல்ல வருஷம். எண்பதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டை மாப்பிள்ளை என்று பேச்சு வந்தபோது, என்னைச் சம்மதிக்க வைக்க எங்கள் வீட்டில் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். “டவுன்ல கொழாயத் தொறந்தா தண்ணி கொட்டும்டி.” மாப்பிள்ளைக்குப் பஜாரில் பைப்புக் கடை வேறு. பைப்புக் கடைக்காரர் வீட்டில் பைப்பு இல்லாமலா இருக்கும்? நம்பிக் கழுத்தை நீட்டினேன். வந்த மறுநாளே மாமியார் என் கையில் ஒரு பித்தளைக் குடத்தைக் கொடுத்து, தெருவின் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். கடையில் கட்டுக் கட்டாகப் பைப்பு கிடந்தது. வீட்டில் ஒரு அடி கூடக் கிடையாது.

எங்கள் தெரு சரிவானது. மெயின் ரோட்டில் பள்ளமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறிப் பிள்ளையார் கோயிலில் போய் முடியும். கோயிலை ஒட்டித் தெருக்குழாய். பைப்பில் வருகிற தண்ணிக்கு வேறு வாய் கிடையாது என்பதால் அந்த மேட்டிலும் நன்றாகவே விழும். குழாய்க்கு எதிரே இந்திராணி அக்கா வீடு. மேட்டு வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் புருஷன் வடக்கே எங்கோ முறுக்குக் கடை வேலைக்குப் போனவர். பொங்கலுக்குப் பொங்கல் வருவார், சில பொங்கலுக்கு வரவும் மாட்டார். அக்கா வீட்டில் ஒரு கிரைண்டர் இருந்தது. அப்போது தெரு மொத்தத்துக்கும் அது ஒன்றுதான். ஊறிய அரிசியையும் உளுந்தையும் வாளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தால், சாயந்திரம் மாவாகத் திரும்பி வரும். அக்காவும் அவர் மகளும் சாப்பிட்டது அந்தக் கல் சுற்றியதால்தான்.

எங்கள் பகுதியில் வீட்டுக் கிணறுகளில் ஊறுவது உப்புத் தண்ணி. துணி துவைக்கலாம், அதுவும் சோப்பு நுரைக்காது. பருப்பைப் போட்டால் அடுப்புத்தான் எரியும், பருப்பு வேகாது. அந்தத் தண்ணியில் மாவாட்டினால் இட்லியை வாயில் வைக்க முடியாது. ஆகவே குழாயில் வாரத்துக்கொரு தரமோ, அதற்கும் தள்ளியோ வருகிற நல்ல தண்ணிதான் எங்களுக்குச் சமையல், அக்காவுக்குப் பிழைப்பு.

தண்ணி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வந்துவிட்டது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். குழாய் முதலில் இருமும். புஸ் புஸ்ஸென்று காற்று விடும். அதைப் பார்த்ததும் அக்கா கிரைண்டரை நிறுத்திவிடுவார். காலையிலிருந்து கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றால், தெருவில் அத்தனை பெண்களும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். நான் ஒரு தடவை கையில் கரண்டியோடு ஓடியிருக்கிறேன். குடத்தை எடுக்க மறந்துபோனேன்.

வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைப்பார்கள். அந்தச் செங்கல்லைத் தாண்டிப்போக யாருக்கும் தைரியம் வராது. முதல் சுற்றில் வீட்டுக்கு ஒரு குடம், அது முடிந்தும் தண்ணி வந்தால் இரண்டாம் சுற்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டது இந்திராணி அக்காதான். வாசலிலேயே குழாயை வைத்துக்கொண்டு அவர் குடமும் நடு வரிசையில்தான் நிற்கும். புதிதாக வந்த துடுக்கில் நான் கேட்டேன்.

“ஏங்க்கா, ஒங்க வாசல்லதான கொழாயி. முந்திப் பிடிச்சா யாரு கேக்கப்போறா?”

“கொழாய் என் வாசல்ல இருந்தா தண்ணி எனக்குன்னு ஆயிருமா? எம் மொறை வரட்டும்.”

சண்டை இல்லாமல் இல்லை. குடங்கள் நசுங்கியிருக்கின்றன. ஒருத்தி குடும்பத்தை இன்னொருத்தி சந்திக்கு இழுத்ததெல்லாம் உண்டு. ஆனால் அத்தனையும் வெட்டவெளியில் நடந்தது. யார் எத்தனை குடம் பிடித்தார்கள் என்று பிள்ளையாருக்குத் தெரிகிற அளவுக்கு எங்களுக்கும் தெரியும்.

எண்பதுகள் முடிகிற நேரத்தில் ஊர் பெருத்தது. கோயிலுக்குப் பின்னால் காடாகக் கிடந்த இடத்தில் வாடகை வீடுகள் வந்தன. மில் வேலைக்கு வந்தவர்கள், கிராமத்துக் காட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் என்று புது முகங்கள். செங்கல் வரிசை கோயிலைச் சுற்றிப் பிரதட்சணம் வந்தது. ஒரு நாள் அக்காவின் மகள் பரீட்சைக்குப் போகாமல் குடத்துக்குக் காவல் இருந்தாள். அன்றைக்குத்தான் அக்கா சொன்னார்: “போதும்மா. அவுகவுக வீட்ல தொறந்தா தண்ணி விழணும். அதுக்கு என்ன வழியோ அதப் பாப்போம்.”

பார்த்ததும் அவர்தான். வீடு வீடாக ஏறி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். முனிசிபாலிட்டி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். “மாவாட்டுற பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெரு நெடுக வெட்டி, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது. எங்கள் கடையில் அந்த மாதம் நடந்த வியாபாரம் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. என் வீட்டில் இடுப்பு உயரத்தில் ஒரு குழாய்! அதற்கு நான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். சிரிக்காதீர்கள், எல்லார் வீட்டிலும் வைத்தார்கள். இனித் தேவையில்லை என்று கோயிலடித் தெருக்குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா அதற்கும் பக்கத்தில் நின்று ஒத்தாசை செய்தார்.

முதலில் கொஞ்ச நாள் எல்லார் வீட்டிலும் விரல் கனத்துக்கு விழுந்தது. அப்புறம் தெருவின் பள்ளக் கோடியில் இருந்த கீழ்வீட்டு அண்ணாச்சி வாசலில் குழி தோண்டினார். பருத்தி வியாபாரி, எதையும் யோசித்துச் செய்கிற மனுஷர். குழாயைத் தரைக்குக் கீழே இறக்கினால் தண்ணி வேகமாக வரும் என்று கண்டுபிடித்தார். அவர் பள்ளத்தில் இழுத்ததும் பக்கத்து வீட்டுக் குழாய் மெலிந்தது. அவர்களும் தோண்டினார்கள், அரையடி கூடுதலாக. அதற்கடுத்த வீடு இன்னும் கூடுதலாக. குழி ஒவ்வொரு வீடாக மேடேறி வந்தது. பைப்பை வளைத்துப் பூட்டுகிற எல்போவும் பைப்புத் துண்டும் வாங்க எல்லோரும் எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். எங்கள் வீட்டிலும் தோண்டினோம், படி வைத்து, சிமெண்டு பூசி, மேலே பலகை போட்டு.

அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் உங்களுக்குப் பயமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வீடு தரையில் ஒரு தலை மட்டும் தெரியும். தலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். “என்ன கொழம்பு?” என்று ஒரு தலை கேட்கும், “கத்திரிக்கா” என்று இன்னொரு தலை சொல்லும். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, மேலே பார்த்து நடந்து குழிக்குள் இறங்கிவிட்டார். அந்தச் சம்பந்தம் நல்லபடியாகவே முடிந்தது.

மேட்டு வீட்டில் தண்ணி நின்றுபோனது. அக்காவும் ஆள் விட்டுத் தோண்டினார். எங்களுக்குக் கரிசல், அவர் வாசலில் ரெண்டு அடிக்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை முனை மழுங்கியதுதான் மிச்சம். மழுங்கிய கடப்பாரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நா பாதாளம் வரைக்கும் தோண்டுனாலும் கீழ்வீட்டு அண்ணாச்சி அதுக்கும் ஒரு அடி கீழ தோண்டுவாக.”

கிரைண்டர் ஓட வேண்டுமே. அக்கா எல்லோரையும் கோயிலடியில் கூட்டினார். சண்டை போடவில்லை, அழவில்லை. தண்ணி வந்ததும் எல்லோரும் அவரவர் குழாயை அடைத்துவைக்க வேண்டும். மேடேறி வரட்டும். அவருடைய டிரம் நிறைந்ததும் கிரைண்டரைப் போடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் திறந்துகொள்ளலாம். இவ்வளவுதான் அவர் கேட்டது. கீழ்வீட்டு அண்ணாச்சியே முதல் ஆளாக, “நாயந்தான், அந்தம்மா இல்லாட்டி நமக்கு ஏது கொழாயி” என்றார். பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றி ஒத்துக்கொண்டோம்.

முதல் தடவை சொன்னபடியே நடந்தது. தெருவே குழிகளுக்குள் காத்துக்கொண்டு நின்றது, ஒரு குழாய் கூடத் திறக்கவில்லை. மேட்டிலிருந்து கடகடவென்று கிரைண்டர் சத்தம் வந்தது. நாங்கள் கை தட்டினோம். அன்றைக்கு அக்கா எங்கள் எல்லோருக்கும் சும்மா மாவாட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது தடவை சத்தம் வர நேரமாகிவிட்டது. மூன்றாவது தடவை வரவேயில்லை. நாங்கள் காத்திருந்தோம். தண்ணி விடுகிற நேரம் முடிந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பதைப்பு. அப்போது எங்கேயோ ஒரு குழிக்குள், குடத்தில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. யார் வீடு என்று தெரியவில்லை. அதற்குள் பல வீடுகளில் சுற்றுச்சுவர் வைத்து, கதவு போட்டு, குழியை உள்ளே விட்டிருந்தார்கள். எப்படித் தெரியும்? ஒன்று கேட்டதும் இன்னொன்று கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து திறந்தார். அதற்குப் பிறகு யாரும் கிரைண்டர் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை.

கொடுக்க மனமில்லாதவர்கள் இல்லை நாங்கள். “அக்கா, நம்ம வீட்ல ரெண்டு கொடம் பிடிச்சுக்கோங்க” என்று எல்லோரும் கூப்பிட்டோம். அவரும் கொஞ்ச நாள் வந்தார். குழிக்கு மேலே நின்று, நாங்கள் எங்கள் அண்டா, தவலை, சொம்பு வரை நிரப்பி முடிக்கிறவரை காத்திருப்பார். ஒரு நாள் எங்கள் வாசலில் அப்படி நின்றுகொண்டிருந்தவர், வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். “இருங்கக்கா, இந்தா ஆச்சு” என்றேன் குழிக்குள்ளிருந்து.

“இல்லம்மா. கொழாயடியில எத்தனையோ நேரம் நின்னுருக்கேன், அது எம் மொறைக்கு நின்னது. இது அப்படி இல்ல.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேட்டில் கடகடவென்று சத்தம். அக்கா எங்கோ தண்ணி வாங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். சட்டென்று நின்றது. பழைய புத்தி எங்கே போகும்? குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். என்னைப் போல இன்னும் இரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். மேட்டு வீட்டு வாசலில் ஒரு டெம்போ நின்றது. வாங்க வந்தவருக்குக் கிரைண்டரை ஓட்டிக் காட்டிவிட்டு, அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அதை ஏற்றினார்கள். அக்கா காரியாபட்டியில் இருந்த தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். “வாரேம்மா” என்றார். எங்கள் குடங்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். காரியாபட்டி என்ன சீமையிலா இருக்கிறது, மதுரைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழிதானே என்று சொல்லிக்கொண்டோம். எத்தனையோ தடவை அந்த வழியாக மதுரைக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவை கூட இறங்கவில்லை. என்ன முகத்தோடு இறங்குவது?

அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் கிரைண்டர் வந்தது, மோட்டார் வந்தது, கேன் தண்ணி வந்தது. குழிக்குள் இறங்க ஆளில்லாமல் பலகையைப் போட்டு மூடிவைத்தோம். ரோடு போட்டார்கள், அதன் மேலேயே இன்னொரு ரோடு, அதற்கும் மேலே இன்னொன்று. ரோடு உயர உயர எல்லோரும் வாசலை உயர்த்திக் கட்டினார்கள். மேட்டு வீட்டை மட்டும் யாரும் இடித்துக் கட்டவில்லை. வாடகைக்கு ஆள் மாறி மாறி இருந்தார்கள்.

நேற்றுச் சாயந்திரத்துக்குள் குழியை மண்ணடித்து மூடியாகிவிட்டது. மூடிய கையோடு மழை பிடித்தது. ஐப்பசி மழை, ஒரு மணி நேரம் அடித்து ஊற்றியது. விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மேட்டு வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண் கணுக்கால் தண்ணியில் நின்று, பிளாஸ்டிக் மக்கால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்கு இப்போது மூன்று படி கீழே இறங்க வேண்டும். அவளுக்கு என்னை முகப்பழக்கம் உண்டு.

“ஏம்மா, இந்த வீட்டப் போயி எல்லாரும் மேட்டு வீடுங்கிறீகளே, ஏன்?”

“அப்பல்லாம் இங்க தண்ணி ஏறாது, தாயி” என்றேன்.

அவள் மக்கைப் பிடித்தபடி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் குடையை மடக்கிப் படியில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மூலையில் ஒரு வாளி கிடந்தது. அவள் மொண்டு கொடுக்க, நான் வாங்கி வெளியே ஊற்றினேன். இரண்டு பேருக்கு அது பெரிய வேலை. இன்னும் நாலு கை கிடைக்குமா என்று ஒரு தடவை நிமிர்ந்து தெருவைப் பார்த்தேன். எங்கள் வீடு உட்பட, கீழே மெயின் ரோடு வரைக்கும் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.