பதில் கூவல்

எழுபதுகளின் கடைசியில் நான் பழைய பிரெஞ்சு மொழியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதில் 'என்னை', 'அவளை' என்று பொருள்படும் சின்னச் சொற்கள் அழுத்தமின்றி ஒலிக்கும். தனியே நிற்காமல் பக்கத்துச் சொல்லில் சாய்ந்துகொள்ளும். அவை எங்கே விழுகின்றன என்று கேட்டுப் பார்க்க, பழம்பாடல்களை நானே வாசித்து ஒலிநாடாவில் பதிவு செய்வேன்.

போடிமெட்டுக்கு மேலே, நண்பனின் ஏலத்தோட்ட பங்களாவில் தங்கியிருந்தேன். மூடுபனி இறங்கினால் காய் பறிக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் கூவுவார்கள். உடனே பதில் கூவல் வரும். அது என் பதிவைக் கெடுத்தது. கங்காணியை அழைத்தேன்.

"ஒரு மணி நேரம் கூவாம இருக்கச் சொல்லுங்க."

"கூவலேன்னா ஆளு எங்கிட்டு நிக்குதுன்னு தெரியாதுங்கய்யா."

"புலியா வந்து தூக்கிட்டுப் போகப் போகுது?"

அவர் போய்ப் பெண்களிடம் சொன்னார். காடு அடங்கியது. நான் வாசித்தேன்.

மாலையில் காய் எடைபோட எல்லாரும் வந்தார்கள், செல்லத்தாயி என்ற பெண் மட்டும் வரவில்லை. மறுநாள் பாறைச் சரிவின் அடியில் அவள் உடல் கிடந்தது. பழி கங்காணி மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நாடாவைப் போட்டேன். நான் மூச்சு விட நிறுத்திய இடங்களில் ஒரு பெண்ணின் கூவல் கேட்டது. உத்தரவுக்குப் பயந்து யாரும் பதில் கூவவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூவினாள், இன்னும் தள்ளி, சரிவுப் பக்கம். அவளுக்குப் பதிலாக வந்ததெல்லாம் திருத்தமாக வாசிக்கும் என் குரல்தான்.

ஆய்வுக்குப் பட்டம் கிடைத்தது. நாடாவை யாருக்கும் போட்டுக்காட்டியதில்லை. சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறேன். அவள் கூவியதும் நானும் மெல்லப் பதில் கூவுகிறேன். அடுத்த கூவல் இன்னும் தள்ளித்தான் கேட்கிறது.