தீவுக்குப் போன டூல்ஸ் பை

ஒரு நாள் முழுக்கப் புருஷன் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டில் நாளெல்லாம் நின்றபடியே பில் போட்டு, வீட்டுக்கு வந்து அடுப்போடு மல்லுக்கட்டி, மகளை ஆளாக்கியவள். நகை கேட்டதில்லை, நட்டு கேட்டதில்லை.

அவன் ஏசி மெக்கானிக். ஊர் முழுக்க அவனுக்குக் ‘குளுகுளு அண்ணன்’ என்று பெயர். அந்தக் குளுகுளு அண்ணன் வீட்டு ஏசி மட்டும் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. கேட்டால், "பார்ப்போம்" என்பான். அவளோடு அவன் பேசும் பேச்சில் பாதி அந்த ஒரே வார்த்தைதான்.

கஸ்டமர் வீட்டு வாசலில் நின்றால் ஆளே வேறு. குரலில் தேன் சொட்டும். பெண்கள் கதவைத் திறந்தால் முகத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டான். தரையைப் பார்த்தபடியே, "சார் உள்ள இருக்காங்களாம்மா?" என்பான். சார் இல்லையென்றால் வாசலோடு திரும்பிவிடுவான். இந்த ஒழுக்கத்தை மெச்சாத வீடில்லை. மெச்சிக்கொள்ளட்டும்!

மகள்தான் தீவு விடுதியில் அறை போட்டுக் கொடுத்தாள். "அப்பா, அங்க போய் ஸ்பேனரைத் தொடக் கூடாது. அம்மா கூடவே இருக்கணும், சரியா?" என்றாள். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

கடலோரமாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாகக் குடில்கள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தால், இதற்கென்றே அவள் எடுத்து வைத்த நீலப் புடவையைக் காணோம். அந்த இடத்தில் டூல்ஸ் பை!

"என் புடவை எங்கங்க?"

"கனமா இருந்துச்சு. எடுத்து வீட்லயே வச்சுட்டேன்."

"இது மட்டும் பஞ்சா?"

"இது எப்பவும் கூடவே இருக்கறதுதானே."

அவள் பெட்டியைப் படாரென்று மூடினாள். அதற்குள் அவன் காதைத் தீட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். வரவேற்பறை ஏசி இரைகிறதாம். "கேட்டுட்டு எப்படி சும்மா இருக்கறது? ஒரு நிமிஷம்" என்று போனவன்தான்.

பிறகு மேனேஜர் அறை. பிறகு பக்கத்துக் குடில்கள் ஒவ்வொன்றாக. விடுதி மெக்கானிக் விடுப்பில் போயிருந்தானாம், இவன் தெய்வமாகிவிட்டான். புது ஜோடிகள் எல்லாம் இவன் புண்ணியத்தில் குளிரில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். இவள் இருவர் மேசையில் தனியாக உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்துச் சாப்பிட்டாள். ராத்திரி விடுதி வண்டிக்காரன் வாசலில் இறக்கிவிட்டால் அவன் வந்து கட்டையாகச் சாய்வான். குடிலின் நம்பரைக்கூட அவன் பார்த்ததில்லை.

கடைசி நாள் சாயங்காலம் ஜோடிகளுக்கான படகுச் சவாரி. "சத்தியமா வர்றேன்" என்று தலையில் அடித்துச் சொல்லியிருந்தான். அவள் இருந்ததில் நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திப் படகுத்துறைக்குப் போனாள். ஜோடிகள் ஏறினார்கள். வெயில் இறங்கியது. அவன் வரவில்லை.

"ஜோடியாத்தான் ஏத்துவோம்மா" என்றான் படகுக்காரன்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். படகு போய்விட்டது. அழுகை வரவில்லை. அழுது அழுது காரியம் கெட்டதெல்லாம் போதும். குடிலுக்கு வந்து செருப்பை வாசலில் உதறினாள், போனை எடுத்தாள்.

"பதினாறாம் நம்பர்லேர்ந்து பேசறேன். ஏசியில தண்ணி ஒழுகுது. புதுசா வந்திருக்காரே மெக்கானிக்கு, அவரை உடனே அனுப்புங்க."

பெண்டாட்டி கூப்பிட்டு வராத கால் கஸ்டமர் கூப்பிட்டதும் பறந்து வந்தது. அவளுடைய செருப்புக்குப் பக்கத்திலேயே நின்று கதவைத் தட்டினான். திறந்தாள். பை தோளில், பார்வை தரையில்.

"ஏசி ஒழுகுதுன்னு சொன்னாங்க. சார் உள்ள இருக்காங்களாம்மா?"

எவ்வளவு பதவிசான குரல்! இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தக் குரல் அவளிடம் பேசியதுண்டா?

"இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஆளையே காணோம்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. நிலைப்படியில் வைத்த காலை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றான்.

"சார் வந்தா சொல்லி அனுப்பறேன், அப்ப வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.