தப்பு கண்டுபிடித்தால் கிஃப்ட் பாக்ஸ்

சவரிராஜ் ஒரு கடைக்குள் போய்விட்டு ஆர்டர் இல்லாமல் வெளியே வந்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நானும் பேசிப் பிழைப்பவன்தான். சிவகாசி அச்சகங்களுக்கு மை விற்கிறேன். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவேன். அந்த வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது.

அவருடைய அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை, அம்மா கான்வென்ட் பள்ளியில் டீச்சர். மூத்த மகனைச் சாமியாராக்க ஆசைப்பட்டுச் செமினரியில் சேர்த்தார்கள். அங்கே அவருக்குப் பிரசங்கம் பிரமாதமாக வந்தது, தியானம்தான் வரவில்லை. எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சொந்த ஊர் எது, அங்கே மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். வருட முடிவில் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு சொர்ணலட்சுமி காலண்டர்ஸ் முதலாளி சீனிவாசகம், காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை அவர் கையில் கொடுத்துத் தேனிப் பக்கம் பஸ் ஏற்றிவிட்டார். தேனி, போடி, கம்பம் என்று கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட் வேலை. அந்த வட்டாரத்தைச் சவரிராஜ் 'என் லைன்' என்பார். சொந்த வயலைச் சொல்வது போலிருக்கும்.

அவருக்கென்று ஒரு தொழில்முறை உண்டு. கடைக்குள் நுழைந்ததும் ஆல்பத்தைத் திறக்கமாட்டார். சுவரில் வேறொரு கம்பெனி அடித்த தினசரி காலண்டர் தொங்கும். நேரே போய் அதன் தாள்களைப் புரட்டுவார். சிறிது நேரம் கழித்து, "அய்யய்யோ" என்பார். கல்லாவில் இருப்பவர் எழுந்து வருவார். "என்னங்க இது, சஷ்டியை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கானே. உங்க கடைப் பேரைப் போட்டு வீடு வீடா கொடுத்திருக்கீக. விரதம் இருக்கிற பொம்பளைக யாரைச் சபிப்பாக?" கல்லாக்காரருக்கு முகம் கறுத்துவிடும். காலண்டரின் தலையில் பெரிய எழுத்தில் இருப்பது கடைப் பெயர்தான். அச்சடித்த கம்பெனியின் பெயர் அடியில் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும், யாரும் படிப்பதில்லை. அதற்குப் பிறகு ஆல்பத்தைக் கடைக்காரரே பிடுங்கித் திறப்பார்.

இத்தனைக்கும் பஞ்சாங்கத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவர் கல்யாணமே ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு, சுத்தமான ராகுகாலத்தில், மாதா கோயில் மணி அடித்து நடந்தது. மனைவி ஜெபராணி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவரும் நம்பாதவர்தான். ஆனால் வீட்டில் சண்டை வந்தால் மட்டும் அந்த நேரத்தை ஞாபகப்படுத்துவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த லைனில்தான் சரவணக்குமார் வந்து விழுந்தார். சீனிவாசகத்தின் ஒரே மகன். படித்து முடித்து வந்ததும் அச்சகத்தைச் சீர்திருத்தத் தொடங்கினார். வருடா வருடம் தாள் தாளாகப் படித்துத் தேதி சரிபார்த்த ஜோதிடரை நிறுத்திவிட்டு, மதுரையில் யாரோ ஒருவரிடம் திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் தானே போட்டுக்கொள்ளும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். அந்த வருடக் காலண்டர் அதை வைத்தே அச்சானது. அடுத்த சீர்திருத்தத்துக்கு மதுரை ஓட்டல் ஒன்றில் சமூக ஊடக விற்பனைப் பயிற்சிக்குப் போனார். கோட்டு போட்ட ஒருவர், விளம்பரம் செத்துப்போய்விட்டது, இனிமேல் உரையாடல்தான் என்று அங்கே சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவர் ஊர் திரும்பினார்.

கம்பெனிக்குப் பேஸ்புக் பக்கம் திறந்தாயிற்று, இன்ஸ்டாகிராமும் வந்தது. தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு இனிய காலை வணக்கம் போட்டார்கள். மறுபடி வணக்கம் சொன்னவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். அதிலும் ஒரு சித்தப்பா எந்தப் படத்துக்கும் கைகூப்பி ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

இதைப் பார்த்துச் சீனிவாசகத்துக்குப் பொறுக்கவில்லை. சிவகாசிக்காரருக்குப் பிரச்சினை வந்தால் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அச்சடிப்பது. 'எங்கள் பேஸ்புக் பக்கத்தைக் கண்டு களியுங்கள்' என்று ஆர்ட் பேப்பரில் நாலு வர்ணத்தில் போஸ்டர் அடித்துப் பஸ் ஸ்டாண்டிலிருந்து லாரி செட்டு வரைக்கும் ஒட்டச் சொன்னார். மை நான்தான் கொடுத்தேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இணையத்தைச் சுவரில் ஒட்டிய ஊர் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். கம்பெனிக்கு வெளியாள் போட்ட முதல் கமெண்டும் அந்தப் போஸ்டரில்தான் வந்தது. பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: 'பரிசு உண்டா?'

ஆனி மாதம் சரவணக்குமார் சவரிராஜைக் கூப்பிட்டார். நான் மைக்கான பில்லோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வெளியிடுறோம். அதுக்குள்ள நம்ம பேஜ்ல ஜனங்க பேசணும். நீங்கதான் நல்லாப் பேசுவீகளே, பேச வையுங்க."

"நான் கடையில பேசுவேன் தம்பி. இதுல எங்கன போய்ப் பேச?"

"ஆன்லைன்லயே ஆர்டர் வந்துட்டா ஏஜென்ட் எதுக்கு, லைன் எதுக்கு? இதுல நீங்க இருந்தாத்தான் கம்பெனியில இருப்பீக. இல்லன்னா தகரப் பட்டை அடிக்கிற செக்ஷன்ல இடம் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிக்கும் இடத்தில் இரைச்சல் காதைப் பிளக்கும், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. சவரிராஜை அங்கே உட்கார வைப்பது மீனைத் தூக்கி மொட்டை மாடியில் போடுவது. மனுஷன் வெளியே வந்து டீக்கடையில் ஒரு வார்த்தை பேசாமல் டீ குடித்தார். அன்றைக்குத்தான் எனக்கே பயம் வந்தது.

மறுநாள் ஒரு யோசனையோடு வந்தார். பரிசு கேட்ட போஸ்டரும் சுவர்க் காலண்டரில் தப்புத் தேடும் பழைய வித்தையும் அவர் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. "முதலாளி, நம்ம காலண்டர்ல தப்பு கண்டுபிடிக்கிறவுகளுக்குப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்னு போடுவோம். நேர்ல வந்து வாங்கிக்கிடணும். தமிழ்நாட்டுல ஒவ்வொரு வீட்டுலயும் காலண்டர் தொங்குது. அம்புட்டுப் பேரும் புரட்டுவாக. புரட்டினா பேசுவாக."

சீனிவாசகம் சிரித்தார். "நம்ம காலண்டர்லயா? அதுல எவனும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஒரு பாக்ஸ் போகாது. தைரியமாப் போடு."

தன் காலண்டரைத் தானே புரட்டிப் பார்க்கலாம் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. சவரிராஜ் காலமெல்லாம் புரட்டியது அடுத்தவன் காலண்டரை. முதலாளிக்கு அது குலதெய்வம், புரட்டிப் பார்ப்பது பாவம். மகனுக்குச் சாஃப்ட்வேர் மேல் நம்பிக்கை. எனக்கும்தான் தோன்றவில்லை, நான் மையை மட்டும் பார்ப்பவன்.

போட்டி வெளியானது. முதலில் வழக்கம்போல இரங்கல் வந்தது. அப்புறம் வெம்பக்கோட்டையிலிருந்து ஒரு சம்சாரி, ஐப்பசியில் ஒரு ஏகாதசி முடிந்து ஒரு நாள் விட்டு மறுபடியும் ஏகாதசி வருகிறதே, எதற்குப் பட்டினி கிடக்க என்று கேட்டுப் போட்டோ போட்டார். சூலக்கரையில் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், 'பொருள்: கிருத்திகை நாள் விடுபட்டமை தொடர்பாக' என்று தலைப்பிட்டு முறையாக எழுதினார். புனித வெள்ளி சனிக்கிழமையில் இருந்ததை ஒருவர், கிழித்து வைத்திருந்த தாளோடு காட்டினார். சவரிராஜ் அதை வீட்டில் சொன்னபோது ஜெபராணி அசையவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன். நீங்க போன்ல லைன்ல இருந்தீக."

ஆவணி மாதத்துப் புதன்கிழமைகளில்தான் பெரிய கூத்து. அந்த மாதம் முழுக்க, எல்லாப் புதனுக்கும் திங்கட்கிழமை ராகுகாலமான ஏழரை முதல் ஒன்பது என்று போட்டிருந்தது. ஜனங்கள் மேலே விழுந்து புரட்டினார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் தாளின் படம் பறந்தது. சரவணக்குமார் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டே போகும் கோட்டைக் காட்டி, "பாத்தீகளா ரீச்சை" என்று துள்ளினார். பரிசு வாங்க, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் மாதிரி ஆட்கள் வந்து இறங்கினார்கள். சீனிவாசகம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

சவரிராஜும் முதலில் சந்தோஷப்பட்டவர்தான். கமெண்டு போட்ட ஒவ்வொருவருக்கும் ஊர் விசாரித்துப் பதில் எழுதினார். தகரப் பட்டையிலிருந்து தப்பித்தோம் என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்துக்கொண்டே போன் திரையைத் தள்ளியபோதுதான் அவர் கை நின்றது.

திரையில் தப்பான தாளின் படம் இருந்தது. தாளுக்கு மேலே, அட்டையில், மயில்மேல் முருகனுக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'முருகேஸ்வரி ஜவுளி ஸ்டோர், போடி' என்று இருந்தது. சொர்ணலட்சுமியின் பெயர் படத்தில் வரவே இல்லை. அடியில் இருந்ததால் போட்டோவில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

போடியில் ஒரு வாடிக்கைக்காரர் அந்தக் காலண்டரைப் பார்த்து மகளுக்கு ஆவணிப் புதன் பன்னிரண்டு மணிக்கு வளைகாப்பு என்று பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டார். முருகேஸ்வரி ஜவுளியை நம்பியதற்கு ராகுகாலத்தில் வளையல் போடப் பார்த்தோம் என்று அவர் எழுதியதை ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். வேலையில்லாதவர்கள் பலர் உண்டே. 'முருகேஸ்வரி ஜவுளியில் ராகுகாலத் தள்ளுபடி', 'இரண்டு ஏகாதசிக்கு ஒரு சேலை இலவசம்' என்று படம் செய்து சிரித்தார்கள். கடைக்கார முருகேஸ்வரி அக்கா செய்த ஒரே குற்றம், சவரிராஜ் பேச்சைக் கேட்டு வருடா வருடம் ஆர்டர் கொடுத்தது.

சவரிராஜ் ஓடிப்போய்ச் சரவணக்குமாரிடம் சொன்னார். "தம்பி, போட்டியை நிப்பாட்டுங்க. தப்பு நம்மளுதுன்னு பெருசா போடுங்க. அந்தக்கா பேரு நாறுது."

"அண்ணாச்சி, ஜனங்க நல்லாப் பேசிக்கிட்டு இருக்கையில நடுவுல போய் நிப்பாட்டக் கூடாது. அதுதான் முதல் பாடம்."

தேனியில் இரண்டு கடைகள் அடுத்த வருட ஆர்டர் வேண்டாம் என்று போன் செய்தன, கம்பத்தில் ஒருவர் போனையே எடுக்கவில்லை. சவரிராஜின் வயல் கண் முன்னால் கருகியது. ஆனாலும் அவர் வாய் திறந்து முதலாளி மகனைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு அவர் மேல் உண்டு.

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுப் புது ஆல்பத்தை வெளியிட்டார்கள். சரவணக்குமாருக்கு விருதுநகரில் ஒரு வியாபாரிகள் கூட்டத்தில் பேச அழைப்பு வந்திருந்தது. தலைப்பு, 'உரையாடலைப் பற்ற வைப்பது எப்படி'. நெருப்பைப் பற்றி இந்தப் பக்கத்து ஆள் பேசினால் கேட்கத்தானே வருவார்கள். அவர் பொன்னாடை வாங்கப் போன நேரத்தில், சவரிராஜ் அந்தப் புது ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போடி பஸ்ஸில் ஏறினார். நானும் கூடப் போனேன். ஒரு மனுஷனைத் தனியாக அடி வாங்க அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கடையில் கூட்டம் இல்லை. முருகேஸ்வரி அக்கா கல்லாவில் இருந்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. பழைய முருகன் தொங்கிய ஆணியில் இப்போது வேறொரு கம்பெனியின் லட்சுமி தொங்கியது, தலையில் பக்கத்து மளிகைக் கடையின் பெயர்.

"அக்கா, தப்பு எங்களுது" என்றார் சவரிராஜ். அவ்வளவுதான் வந்தது. நான் அவரிடம் கேட்டதிலேயே சின்னப் பேச்சு அது.

"அது எனக்குத் தெரியுது தம்பி. ஊருக்குத் தெரியலையே" என்றார் அந்த அம்மா. பிறகு சுவரைக் காட்டினார். "வந்தது வந்தீக, உங்க வேலையைப் பாருங்க. அதையும் புரட்டுங்க. இதுலயாச்சும் எல்லாம் சரியா இருக்கான்னு சொல்லிட்டுப் போங்க. இனிமே ஒரு தப்பு வந்தா நான் கடையை மூடணும்."

சவரிராஜ் லட்சுமிக்கு முன்னால் போய் நின்று தாள்களைத் தூக்கினார். தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். ஆவணி, புதன்கிழமை, ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. அடுத்த புதனும் அப்படியே. மதுரைக்காரர் ஒரே சாஃப்ட்வேரைச் சிவகாசியில் எத்தனை பேருக்கு விற்றாரோ! காலமெல்லாம் அவர் தேடிய தப்பு, கை நிறைய, கேட்பதற்கு ஆள் தயாராக, எதிரி கம்பெனிக் காலண்டரில் கிடந்தது. கையில் புது ஆல்பம் இருந்தது. ஒரு 'அய்யய்யோ' போதும். அந்த அம்மா கடைப் பெயர் இந்தக் காலண்டரில் இல்லை, நாறினால் மளிகைக் கடைப் பெயர்தான் நாறும்.

நான் அந்த அய்யய்யோவுக்காகக் காத்திருந்தேன். வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தாள்களை மெல்ல இறக்கிவிட்டு, கசங்கிய ஓரத்தைக் கையால் நீவினார்.

"எல்லாம் சரியா இருக்குக்கா" என்றார்.

சவரிராஜ் தன் லைனில் சொன்ன பொய்களுக்குக் கணக்கே கிடையாது. ஆர்டர் கேட்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.