மூன்று கிலோ சரக்குத்தூள் ஏற்றுமதி

மகளுக்குத் தலைப்பிரசவம், தைவானில். ஐந்து வாரம்தான் இருந்தது. நான் போகாவிட்டால் அவளுக்குப் பத்தியக்கறி வைத்துக் கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. நாங்கள் நியூசிலாந்தில் குடியிருந்தாலும் என்னிடம் இருந்ததோ இலங்கைப் பாஸ்போர்ட். விசா இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

"ஒக்லாந்தில தைவான் எம்பஸி இல்லை," என்றார் என் கணவர். நியூசிலாந்து அதை ஒரு நாடாக ஏற்றுக்கொள்ளவில்லையாம். ஆனால் பட்டணத்தில் ஒரு வர்த்தக அலுவலகம் உண்டாம், விசா அங்கேதான் கொடுப்பார்களாம். தூதுவர் செய்கிற வேலையெல்லாம் செய்கிற ஒருவர் இருப்பாராம், அவரைத் தூதுவர் என்று மட்டும் சொல்லக்கூடாதாம். இப்படி ஒரு கூத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

கணவர் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். எந்தக் கந்தோருக்கு எது பிடிக்குமோ அதைத்தான் எழுதவேண்டும் என்பார். சண்டைக்காலத்தில் ஊர்விட்டு ஊர் போக ஆமியிடம் பாஸ் எடுத்துத் திரிந்த எங்கள் சனத்துக்கு அந்தப் புத்தி ஊறிப்போய்விட்டது.

"வர்த்தகக் கந்தோரில போய்ப் பிள்ளைப்பேறு எண்டு எழுதினால் தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள்," என்றவர், பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'வர்த்தகம்' என்று எழுதினார். பொருள், பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்க நான் மிளகும் மல்லியும் மஞ்சளும் வறுத்து இடித்த சரக்குத்தூள். மாதிரிக்கு ஒரு பொட்டலமும் எடுத்துக்கொண்டார்.

அவர் டை கட்ட, நான் பட்டுச்சேலை உடுக்க, வீட்டுக்குப் பக்கத்து ஏவன்டேல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம்.

கவுண்டரில் மகள் வயதில் ஒரு தைவான் பெண். படிவத்தை இரண்டுதரம் வாசித்தாள்.

"எவ்வளவு ஏற்றுமதி செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மூன்று கிலோ," என்றார் கணவர்.

"வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்?"

"தற்போதைக்கு ஒருவர்."

"அவர் மறுபடி எப்போது வாங்குவார்?"

கணவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அடுத்த பிள்ளைக்கு!" என்று கத்தினேன். என் ஓட்டை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இவருடைய கெட்டித்தனத்தால் என் பிள்ளை தனியே கிடக்கப்போகிறாளே என்று அவர்மேல் ஆத்திரமும் வந்தது.

அவள் பொட்டலத்தைப் பிரித்து மணந்து பார்த்தாள். மூன்றுதரம் தும்மினாள். தனக்குப் பிள்ளை பிறந்தபோது தன் அம்மா ஒரு மாதம் முழுக்க நல்லெண்ணெயும் இஞ்சியும் போட்ட கோழிதான் தந்தார் என்றாள். பிறகு புதுப் படிவம் ஒன்றை நீட்டி, "மகளைப் பார்க்க என்று எழுதுங்கள்," என்றாள்.

அடுத்த கிழமை விசாவோடு பாஸ்போர்ட்டைத் தரும்போது, "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டாள்.

ரயிலில் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "உண்மையான எம்பஸி எண்டால் இப்பிடியெல்லாம் கேப்பினமே?"

"கேக்கமாட்டினம்," என்றேன். கொழும்பில் கொடியும் காவலாளியுமாக நின்ற எத்தனையோ எம்பஸி வாசல்களில் கால்கடுக்க நின்றிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை.