பாய் எழுந்து நின்ற கார்

போன மாதம் சின்னசேலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு திறந்த காரை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சிவப்பு வண்டி, நல்ல பளபளப்பு. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை சீட்டிலிருந்து எழுந்து நின்று எல்லாரையும் கும்பிட்டான். நான் பக்கத்தில் நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு, கூட்டத்தில் யார் கையில் கல் இருக்கிறது என்று தேடினேன். அறுபதைத் தாண்டிய ஆள், பட்டு வேட்டியோடு இப்படிப் பதுங்கினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "இன்னா சார், செருப்பு அறுந்துபோச்சா?" என்றான் ஐஸ்கிரீம்காரன். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உங்களிடம் மறைப்பானேன். என் இருபதுகளில் நான் திறந்த கார்களோடுதான் குடித்தனம் நடத்தினேன். கள்ளக்குறிச்சியில் சாதிக் பாய்க்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடை பேருக்குத்தான், மனசெல்லாம், கேன்வாஸ் கூரையை மடக்கிவிடுகிற அந்தக் காலத்து வண்டிகள்மேல். பண்ணை வீட்டுக் கொட்டகைகளில் அவை கோழி அடைந்து கிடக்கும். தேடிப் பிடித்து, பேசி வாங்கி, ஓடவைத்து, பழைய கார் சேர்க்கிற மெட்ராஸ்காரர்களுக்கு விற்போம். நான் அவருக்கு மெக்கானிக், டிரைவர், பேச்சுத் துணை, எல்லாம்.

எலவனாசூர்கோட்டையில் ஒரு வண்டியின் பின்சீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. "கண்ணு தொறக்கட்டும், அப்பால எடுத்துக்கலாம்" என்று பாய் திரும்பிவிட்டார். அதற்குள் சேலத்து வியாபாரி ஒருவன் வந்து நாயை அடித்து விரட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வண்டிகளுக்கு ஒரு வாசனை உண்டு. எலிப்புழுக்கை, வெயிலில் வெந்த தோல், காய்ந்த பெட்ரோல். பாய் அதை அத்தர் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து முகர்வார். எனக்கு அந்த வாசனையோடு ரத்த வாடையும் சேர்ந்துதான் வரும். காரணம் கரியாலூர் கார்.

மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் கிடந்த பச்சைக் கார் அது. கூரைத் துணியை எலி தின்று வெறும் கம்பிதான் மிச்சம். பேச்சு முடிந்ததும் பங்களாக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் இது வழக்கம்தான். "லாரில ஏத்தி பொணம் மாதிரி கொண்டுபோவக் கூடாது. எங்கப்பா ஓட்டுன வண்டி. அதுவா ஓடித்தான் எறங்கணும்."

நான் மேலேயே தங்கி அதற்கு உயிர் கொடுத்து முடித்தபோது, கீழே ஒரு சாதிச் சங்கத்தின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்திருந்தது. மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். பஸ்கள் எரிந்தன. போலீஸ் சுட்டது. குடிசைகளும் எரிந்தன. எரித்தவனும் ஏழைதான், ஆனால் எரிந்தது அவனைவிட ஏழையின் வீடு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

"நாலு நாள் பொறுப்போம் பாய்" என்றேன்.

"சேலத்துக்காரன் வந்துகினு இருப்பான் தம்பி. எடு வண்டிய."

வண்டி எடுக்கிற நாளில் பாய் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு என்று கிளம்புவார். அவருக்கு அது இன்னொரு பெருநாள். அன்றைக்கும் அதே வெள்ளையில்தான் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி ஒரு வளைவு. திரும்பினால் சாலையின் குறுக்கே புளியமரம் கிடந்தது. அதன் மேலும் கீழும் ஆட்கள், கையில் கோடாலியும் கம்பும். நான் பிரேக்கை மிதித்தேன். கும்பிட்டுக் கேட்டால் வழி விடுவார்கள் என்று நினைத்தார் பாய். சீட்டில் ஏறி நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

எங்கள் பக்கத்தில் திறந்த காரில் வெள்ளையும் சொள்ளையுமாக நின்று கும்பிடுகிறவன் யார்? ஓட்டுக் கேட்டு வருகிறவன். ஜெயித்தபின் அந்தப் பக்கமே தலைகாட்டாதவன்.

"மந்திரி வர்றான்டா" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். முதல் கல் முன்கண்ணாடியை நொறுக்கியது. அடுத்தது பாயின் இடது கண்ணில் விழுந்தது. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே மடிந்து உட்கார்ந்தார். விரல் சந்துகளில் ரத்தம் கொட்டி, சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. என்னை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முதுகில் கம்பு விழுந்தது. ஒருத்தன் பானெட்டில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தான்.

அப்போது ஒல்லியாக ஒருவன் ஓடிவந்து பாயின் முகத்தைத் தூக்கிப் பார்த்தான். "டேய், நிறுத்துங்கடா. ஸ்பேர் பார்ட்ஸ் பாய்டா இது." பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "நான் வுட்ட கல்லுதான் பாய். என் கல்லுதான்."

அவன் பெயர் முருகேசன். பக்கத்து ஊரில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவன், பாய் கடையில் பம்புசெட்டுக்கு பெல்ட் வாங்குகிறவன். தன் துண்டைப் பாயின் கண்ணில் வைத்து அழுத்தி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தான். கல்லெறிந்தவர்களே சாமி தூக்குகிற மாதிரி வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். வழியில் மறித்த இடத்திலெல்லாம் முருகேசன் கத்தினான். "உசுரு போய்க்கினு இருக்குது, வழிய வுடுங்கடா." எல்லாரும் வழி விட்டார்கள்.

கள்ளக்குறிச்சி எல்லையில் வெளியூரிலிருந்து கொண்டுவந்திருந்த போலீஸ் நின்றது. வண்டியைப் பார்த்ததும், கலவரக்காரன் என்று முருகேசனைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். பாய் ஒற்றைக் கண்ணோடு எழுந்து, "அவன் என் கிளீனருங்க. என் வண்டி ஆளு" என்றார். அவனைக் காப்பாற்றத்தான் சொன்னார். அவர்கள் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். கோடாலி பிடித்துத் தோல் உரிந்திருந்தது. அப்புறம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தலை, விலா, முழங்கால் என்று லத்தி இறங்கியது. தடுக்கப் போன எனக்கு மணிக்கட்டு முறிந்தது. அவன் தரையில் விழுந்த பிறகும் அடித்தார்கள். பாய் "அல்லா, அல்லா" என்று அலறிக்கொண்டே இருந்தார்.

பாய்க்கு உயிர் மிஞ்சியது, கண் போனது. முருகேசன் மறுநாள் காலையில் செத்தான். காரில் வந்த கிளீனர், கலவரக்காரர்களின் கல்லடியில் சாவு என்று போலீஸ்காரர்கள் விவகாரத்தை முடித்துவிட்டார்கள். பாய் சொன்ன ஒரு சொல் அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று பாருங்கள். பச்சைக் காரைப் பாய் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் சேலத்துக்காரனே வந்து எடுத்துப்போனான்.

பின்னாளில் ஒதுக்கீடு கிடைத்தது. போராட்டத்தில் செத்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தூண் நட்டு, பெயர்களைப் பொறித்தார்கள். அதில் முருகேசன் பெயர் இல்லை. பாய் தூண் நட்டவர்களிடம் நடையாய் நடந்தார். "அவன் உங்க ஆளுங்க. மரம் வெட்டுன ஆளு. என் கண்ணே சாட்சி."

"இன்னா பாய், கார் கிளீனர்னு போலீஸ்ல நீங்களேதான சொன்னீங்க?" என்று அனுப்பிவிட்டார்கள்.

முருகேசனுக்குப் பிள்ளை இல்லை. மனைவி தனம் மட்டும்தான். நானும் பாயும் பார்க்கப் போனபோது அவள் அழவில்லை. "அவுரு காரு கிளீனர் இல்லீங்க. கார்ல ஏறுனதே அன்னிக்கித்தாங்க" என்றாள். யார் போனாலும் அதையே சொல்வாளாம்.

இப்போது அந்தச் சாலையில் புளியமரங்கள் இல்லை. அகலப்படுத்தியபோது அரசாங்கமே வெட்டிவிட்டது. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பாய் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. தூணுக்கு மட்டும் வருஷாவருஷம் பெயிண்ட் அடித்து மாலை போடுகிறார்கள். அவன் கிளீனர் இல்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் தனம் ஒருத்திதான். இந்தத் தை மாதம் அவளும் செத்துப்போனாள்.